பரீட்சைப் புள்ளிகள் வந்த வழி

பரீட்சைப் பெறுபேறு வெளியாகுங் காலத்தில் நம் இலுப்பைக்கடவையில் மூத்தோர் கேட்கும் கேள்வி ஒன்று. இளைஞர் சொல்லும் விடை வேறொன்று. "நாலு பாடத்துக்கும் மொத்தம் எத்தனை?" என்பார் பெரியவர். "ஒன்று தசம் சொச்சம்" என்பான் பேரன். நானூறுக்குக் கணக்குப் பார்த்துப் பழகியவருக்கு இந்தத் தசமக் கணக்கு வியப்பளிப்பதில் வியப்பில்லை. இவ்விரு கணக்குகளுக்கும் இடையே நடந்தவை நம் நாட்டுச் சரித்திரத்தில் ஒரு பெரும் பகுதியாகும்.

புள்ளிக்கு விலை வைத்த காலமும் ஒன்றிருந்தது. இங்கிலாந்தில் 1862 ஆம் ஆண்டு, பிள்ளைகள் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றிற் சித்தியெய்துவதைப் பொறுத்துப் பாடசாலைக்குப் பணம் வழங்கும் முறை ஏற்பட்டது. இலங்கையில் 1869 இல் பொதுப் போதனா பகுதி அமைந்த பின்னர், அதே முறை இங்கும் புகுந்தது. வித்தியாதரிசி வரும் நாளே ஆசிரியரின் விதி நாள். வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் தலைகீழாயும் ஒப்புவிப்பர். பொருள் கேட்டால் விழிப்பர். பணத்தைப் புள்ளியோடு முடிந்தால் கல்வி கிளிப்பிள்ளைப் பாடமாகும் என்பதை அக்காலத்தவர் கண்கூடாகக் கண்டனர்.

1880 ஆம் ஆண்டு தொடக்கம் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் இங்கு நடைபெற்றன. 1942 இல் இலங்கைச் சர்வகலாசாலை தோன்றியது. 1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. வாசல் திறந்தது, உள்ளே இடமோ சிறிது. ஆதலின், சித்தியெய்துவது போதாது, பிறரை முந்தவும் வேண்டும் என்ற நிலை உண்டாயிற்று. தாய்மொழிக் கல்வி விஞ்ஞான வகுப்புகளுக்கும் எட்டிய பின்னர், ஒரே பாடத்தை இரு மொழிகளில் எழுதியோரை எவ்வாறு ஒப்பிடுவது என்ற வினாவும் எழுந்தது.

அதற்கு அரசாங்கம் கண்ட விடையை நம் மூத்தோர் மறக்கமாட்டார்கள். 1971 ஆம் ஆண்டு அனுமதியின்போது, வைத்தியத் துறைக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவர் 400 இற்கு 250 புள்ளிகள் பெறவேண்டியிருந்தது. சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 229 போதும். பேராதனைப் பொறியியற்றுறையில் அவ்வெல்லைகள் 250, 227 என நின்றன. 1973 இல் இது "தரப்படுத்தல்" என்னும் பெயருடன் ஒரு கணித முறையாயிற்று. பெற்ற புள்ளி ஒன்று. எண்ணப்பட்ட புள்ளி மற்றொன்று. அந்த ஆண்டுகளில் எத்தனை இளைஞர் உள்ளம் கசந்தனர், அக்கசப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாம் இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

1974 இல் மாவட்டப் பங்கும் சேர்ந்தது. இங்கே நாம் சற்று நிதானித்துப் பேச வேண்டும். யாழ்ப்பாணத்து மாணாக்கருக்கு அது பேரிடி. மன்னாரிலோ, விஞ்ஞான கூடமும் ஆசிரியரும் இல்லாத பாடசாலைகளிற் படித்தோருக்கு அதுவே ஒரு சிறு கதவாயிற்று. ஒரே மொழி பேசும் நமக்குள் ஒருவர் இழப்பு மற்றவர் பேறாக அமைந்தமையை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. மொழியைப் பார்த்துப் புள்ளியை மாற்றுவது அநீதி. வசதியற்ற ஊரைப் பார்த்து இடம் ஒதுக்குவது வேறு என்பதே நம் கருத்து.

1977 இல் ஆட்சி மாறியபின் மொழிவழித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்டப் பங்கு நின்றது. இன்றுள்ள விதிப்படி பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் வரை குடிசனத் தொகைப்படி மாவட்டங்களுக்கு. 5 வீதம் வரை பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அப்பதினாறில் மன்னாரும் ஒன்று. 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மன்னார் மாவட்டத்தின் சனத்தொகை ஓரிலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நாட்டினதோ இரண்டு கோடிக்கு மேல். ஆயிரம் இடங்கள் உள்ள ஒரு துறையை எண்ணிக் கொள்வோம். மாவட்டப் பங்கான 550 இல் நமக்கு வருவது இரண்டோ மூன்றோ! சலுகை என்று பிறர் பெரிதாகப் பேசுவது இதைத்தான்.

இனிப் பேரன் சொன்ன தசமத்துக்கு வருவோம். 2001 தொடக்கம் இசட் புள்ளி முறை வழங்குகிறது. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடம் எழுதியோர் அனைவரின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். உதாரணமாக, ஒரு பாடத்தின் இடை 40, விலகல் 20 என்க. எழுபது பெற்றவனுக்கு 1.5 கிடைக்கும். இன்னொரு பாடத்தில் இடை 60, விலகல் 10 ஆனால், அதே எழுபதுக்கு 1.0 தான். மூன்றாம் பாடத்தில் இடை 45, விலகல் 10, அவன் பெற்றது 50, ஆகவே 0.5. மூன்றையுங் கூட்டி மூன்றால் வகுக்க 1.0 வரும். கடினமான வினாத்தாள் எழுதியவன் நட்டப்படாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. தவணைப் பரீட்சைகளில் எவ்வளவு பெற்றிருந்தாலும் இக்கணக்கில் அது சேராது. இறுதிப் பரீட்சை ஒன்றே கணக்கு. காய்ச்சலில் படுத்தவனுக்கும் அதுவே நீதி.

சூத்திரம் நல்லதாயினும் பிரயோகம் பிழைக்கலாம். 2011 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் எழுதினர். வெவ்வேறு வினாத்தாள் எழுதிய இரு கூட்டத்தாரையும் ஒன்றாய்ச் சேர்த்து இசட் புள்ளி கணித்தமையால் வழக்கு எழுந்தது. 2012 இல் உயர் நீதிமன்றம் அவற்றை வேறுவேறாகக் கணிக்குமாறு பணித்தது. மாணாக்கர் நீதிமன்றப் படியேறிக் கணக்கைத் திருத்துவித்த அந்நிகழ்ச்சி நம் இளைஞர் அறிந்திருக்க வேண்டியது.

2008 இல் போர் நம் ஊரையும் பெயர்த்தது. மடுவென்றும் மல்லாவியென்றும் இரவல் கொட்டில்களென்றும் அலைந்த பிள்ளைகளின் கல்வி எந்த இடைக்குள்ளும் எந்த விலகலுக்குள்ளும் அடங்குவதன்று. மாவட்ட வெட்டுப்புள்ளிப் பட்டியலில் மன்னாரின் எண் யாழ்ப்பாணத்தின் எண்ணிலும் குறைந்து நிற்கக் கண்டு நகைப்போர் உளர். அவர்கள் நம் பாடசாலைகளில் இரசாயனமும் பௌதிகமும் கற்பிக்க எத்தனை ஆசிரியர் உளர் என்று ஒருமுறை கேட்டறிவார்களாக.