பனிக்கண்டத்தின் பட்டா யாருக்கு? – அத்தியாயம் 6: வாசலில் நின்ற இந்தியா

1939 ஜனவரி. 'ஷ்வாபென்லாண்ட்' என்ற ஜெர்மானியக் கப்பல் அண்டார்டிகாவின் பனி விளிம்பை நெருங்கி நிற்கிறது. அதன் மேல்தளத்திலிருந்து நீர்விமானங்கள் கிளம்புகின்றன. கீழே வெண்மை, வெண்மை, மேலும் வெண்மை. குறிப்பிட்ட தொலைவு பறந்ததும் விமானத்திலிருந்து ஓர் அலுமினிய ஈட்டி பனியில் விழுகிறது. அதில் ஸ்வஸ்திகா முத்திரை. ஆளே இல்லாத நிலத்தில், சர்வே கல் நடுவது போல, ஹிட்லரின் அரசு வானத்திலிருந்தே எல்லை குத்திக்கொண்டிருந்தது.

ஆனால் நார்வே முந்திக்கொண்டது. அந்தக் கடலில் நெடுங்காலம் திமிங்கில வேட்டையாடியவர்கள் நார்வேக்காரர்கள். ராணி மாட் நிலம் என்று பெயரிட்டு, ஜனவரி 14 அன்றே அது தங்களுடையது என அறிவித்துவிட்டார்கள். ஜெர்மனிக்கு நிலம் கிடைக்கவில்லை. வானிலிருந்து கண்ட ஒரு பாறைத் திட்டுக்கு மட்டும் ஜெர்மானிய விமானி ஷிர்மாக்கரின் பெயர் நிலைத்தது. அந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வரும் அத்தியாயங்களில் நம் நாட்டவர் அங்கே அடுப்பு மூட்டப்போகிறார்கள்.

1908-இல் பிரிட்டன் தொடங்கிவைத்த பங்குப் போட்டி இது. பிரான்ஸ், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிலி, அர்ஜென்டினா, நார்வே என உரிமை கோரியவர்கள் ஏழு பேரானார்கள். ஆஸ்திரேலியா கேட்டது மட்டும் கண்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. தீபகற்பப் பகுதிக்கோ பிரிட்டன், சிலி, அர்ஜென்டினா என்று மூன்று சொந்தக்காரர்கள்.

1956 பிப்ரவரியில் இந்தச் சண்டைக்குள் புதிய குரல் ஒன்று நுழைந்தது. ஐ.நா.வில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதி ஆர்தர் லால், 'அண்டார்டிகா பிரச்சினை'யைப் பொதுச்சபை விவாதிக்க வேண்டும் என்று கேட்டார். பனிக்கண்டம் அமைதிக்கு மட்டுமே பயன்பட வேண்டும், அங்கே அணுகுண்டு வெடித்துப் பார்க்கக் கூடாது, அதன் தட்பவெப்பம் உலகம் முழுவதையும் தொடுகிறது என்பவை இந்தியாவின் கவலைகள். கல்வராயன் மலையில் மழை இறங்கினால்தான் கோமுகி அணை நிறையும், கச்சிராயபாளையத்து வயல் விளையும் என்று அறிந்தவர்களுக்கு இது தூரத்துக் கவலை அல்ல. தென்மேற்குப் பருவக்காற்று தென்கோளக் கடல்களைத் தாண்டித்தான் நம்மிடம் வருகிறது.

இங்கே கொஞ்சம் நின்று, நம் மலையையும் பார்க்க வேண்டும். ஆளில்லாத நிலம் உலகுக்குப் பொது என்று டெல்லி வாதாடிய அதே ஆண்டில், தலைமுறை தலைமுறையாகத் தினையும் சாமையும் விதைத்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்கள், கல்வராயனில் மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தார்கள். அந்த ஜாகிர்கள் ஒழிந்தது 1976-இல். இந்த இரண்டு கதைகளையும் ஒரே பக்கத்தில் எழுதத்தான் இந்தத் தொடரையே தொடங்கினேன். நிலத்தின் மேல் உரிமை பட்டயத்தில் பிறக்கிறதா, அதில் பாடுபடுவதில் பிறக்கிறதா?

ஐ.நா.வில் சிலியும் அர்ஜென்டினாவும் கொதித்தன. எங்கள் மண்ணைப் பற்றி விவாதிக்க நீ யார் என்பதே அவர்கள் எதிர்ப்பின் சாரம். இந்தியா கோரிக்கையைத் திரும்பப் பெற்றது. 1958-இல் மறுபடியும் கொண்டுவந்து, மறுபடியும் கைவிட்டது. நேருவின் அரசு தோற்றதாகப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். ராணுவம் கூடாது, அணு வெடிப்பு கூடாது, அறிவியலுக்குத் தடை கூடாது. இந்தியா கேட்டதில் பெரும்பகுதி அதில் இருக்கிறது. இந்தியாதான் இல்லை. கையெழுத்திட்டவை பனிக்கண்டத்தில் ஏற்கெனவே ஆய்வு நடத்திக்கொண்டிருந்த 12 நாடுகள்.

அந்த ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு விசித்திரமானது. ஏழு நாடுகளின் உரிமைக் கோரிக்கைகளை அது ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. புதிய கோரிக்கைகளுக்குக் கதவை அடைத்தது. ஆனால் ஒன்பதாம் பிரிவு ஒரு வழி விட்டது. பின்னால் சேரும் நாடு அங்கே கணிசமான ஆய்வை நடத்திக் காட்டினால், முடிவெடுக்கும் அவையில் அதற்கும் இடம் உண்டு. வாக்குரிமைக்கு வேலைதான் தகுதி.

22 ஆண்டுகள் கழித்து அந்த வழியில் இந்தியா இறங்கியது. 1981 டிசம்பர் 6 அன்று கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' என்ற கப்பல் கிளம்பியபோது ஊருக்குச் சொல்லவில்லை. கடல்சார் வளர்ச்சித் துறைச் செயலர் சையது ஜகூர் காசிம் தலைமையில் 21 பேர். இந்தியா அன்று ஒப்பந்தத்தில் உறுப்பினர்கூட அல்ல. வாடகைக்கு எடுத்த கப்பல் நார்வேயினுடையது; போய்ச் சேர வேண்டிய கரை நார்வே உரிமை கோரும் ராணி மாட் நிலம். 1982 ஜனவரி 9 அன்று அங்கே மூவர்ணக் கொடி ஏறியது. ஒன்பதாம் பிரிவு கேட்ட தகுதியின் முதல் படியில் இந்தியா கால் வைத்துவிட்டது.

அப்போதுதான் எதிர்பாராத திசையிலிருந்து இடி விழுந்தது. 1982 செப்டம்பர், ஐ.நா. பொதுச்சபை. மலேசியப் பிரதமர் மகாதீர் முகமது பேச எழுந்தார். அண்டார்டிகா ஒரு சில நாடுகளின் சொத்தல்ல, உலகம் முழுவதற்கும் உரியது என்று முழங்கினார். 26 ஆண்டுகளுக்கு முன் இந்தியா எழுப்பிய அதே கேள்வி! அணிசேரா நாடுகள் டெல்லியைத் திரும்பிப் பார்த்தன. ஏழை நாடுகளோடு சேர்ந்து ஒப்பந்த நாடுகளின் அவைக் கதவை இடிப்பதா, அல்லது திறக்கவிருக்கும் கதவுக்குள் தானும் நுழைந்து உட்காருவதா? இந்திரா காந்தி முடிவெடுத்தாக வேண்டும்.

(அடுத்த வாரம்: டெல்லியின் பதில்)