ஆங்கில நூலுக்கு உரை சொன்ன காலம்

சென்னை ராஜதானியில் ஆங்கிலக் கல்வி பரவிய சரித்திரத்தை எழுதப் புகுவோர் மெக்காலேயின் 1835-ஆம் ஆண்டுக் குறிப்பிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆயினும் அக்கல்வி மாணாக்கனின் உள்ளத்தில் எவ்வாறு இடம் பெற்றது என்பதை அறிய விரும்புவோர், உபாத்தியாயர் ஒரு செய்யுளை எடுத்துப் பதம் பதமாகப் பிரித்துப் பொருள் உரைத்த வகுப்பறையைத்தான் நோக்க வேண்டும்.

1857-ல் லண்டன் சர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்டு சென்னைச் சர்வகலாசாலை ஸ்தாபிதமானபின், மெட்ரிகுலேஷன் என்னும் வாசலைக் கடக்க ஆங்கிலம் இன்றியமையாததாயிற்று. ஆனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அம்மொழியின் அமைப்பே சங்கடமாயிருந்தது. தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின் வரும். ஆங்கிலத்தில் அதன் வேலையைச் செய்யும் சொல் பெயருக்கு முன் நிற்கும். பெயருக்கு முன் 'எ', 'தி' என்று சேர்க்கும் வழக்கமோ தமிழில் இல்லவே இல்லை. லிண்ட்லே மர்ரே 1795-ல் யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளியொன்றின் பொருட்டு எழுதி, பின்னர் இந்தியப் பள்ளிகளிலும் வழங்கிய இலக்கணம், இத்தகைய சங்கடங்களைக் கனவிலும் கருதியதன்று. 1890-களில் நெஸ்ஃபீல்டு இந்திய மாணாக்கரை மனத்திற் கொண்டு இயற்றிய இலக்கணங்கள் வந்தபின்பே அவர்களுக்குத் தக்க துணை வாய்த்தது.

எனினும், நன்னூல் பயின்று, பகுதி விகுதி பிரித்து, பதவுரையும் பொழிப்புரையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து இலக்கணம் கூறும் 'பார்ஸிங்' என்னும் பயிற்சி முற்றிலும் அந்நியமாக இருந்திராது என்பது என் திடமான எண்ணம். சென்னைச் சர்வகலாசாலையின் முதற்பட்டதாரிகளாக 1858-ல் வெளிவந்த இருவரில் ஒருவரான யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை, அமெரிக்க மிஷனரிமார் 1823-ல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர். அவரே பின்னாளில் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடும், கலித்தொகையை நச்சினார்க்கினியர் உரையோடும் அச்சிட்டார். இரு மொழிகளிலும் நூலை உரையோடு வாசித்த மரபு ஒருவரிடத்திலேயே சங்கமித்ததற்கு இதனினும் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாக்மில்லன் கம்பெனியார் இந்தியக் கலாசாலை மாணாக்கருக்கென்றே ஆங்கில நூல்களைக் குறிப்புகளோடு வெளியிட்டனர்; ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கு அவ்வரிசையில் வியாக்கியானம் எழுதியவர் கே. டெய்டன். விவிலியக் கதை, கிரேக்கப் புராணம், வழக்கொழிந்த சொல், மாறி நிற்கும் சொற்றொடர் ஆகிய எதையும், ஆங்கிலச் சூழலைக் கண்டறியாத வாசகனுக்கு விளக்கிக் காட்ட வேண்டிய பொறுப்பு அத்தகைய உரைகாரருக்கு இருந்தது. அவர்தம் உழைப்பைத் தாழ்வாக எண்ணுவது நன்றியன்று.

பரீக்ஷையோ அவ்வுழைப்பின் பயனைக் குறுக்கிவிட்டது. மூலத்தைத் திறவாமலே குறிப்பை மனப்பாடம் செய்யலாம் என்ற நிலை ஏற்பட, மலிவான 'நோட்ஸ்' புத்தகங்கள் பெருகின. 1904-ல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் சேர்ந்து, கணிதத்திலேயே ஆழ்ந்திருந்த ஸ்ரீநிவாஸ ராமானுஜன், ஆங்கிலத்தில் தவறியதன் விளைவாக அச்சம்பளத்தை இழந்தார். அத்தகைய மேதைக்கும் இடைஞ்சலாகிய அந்த வாசலில் பெயரறியாத எத்தனை ஏழை மாணாக்கர் தடைப்பட்டு நின்றனரோ என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இந்நிலையிலும் உரை சொல்வதோடு நில்லாமல், நூலைப் பற்றி மாணாக்கனையே யோசிக்கச் செய்த ஆசிரியர் சிலர் இருந்தனர். அவர்களில் நான் முதன்மையாகக் கொள்வது, 1862-ல் சென்னைக்கு வந்து கிறிஸ்தவக் கலாசாலையை வளர்த்த வில்லியம் மில்லரை. மன்னன் லியரின் கதையை இந்திய ராஜீயத்தோடு பொருத்தி அவர் 1900-ல் எழுதிய நூலின் முடிவுகள் அனைத்தையும் இன்று நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் ஷேக்ஸ்பியரை நம் தேசத்து இளைஞர் தம் நாட்டு நிலைமையை வைத்து ஆராயலாம் என்று ஓர் ஆசிரியர் கருதியதும், அக்கருத்தைப் புத்தகமாகவே அவர்கள் முன் வைத்ததும், பரீக்ஷைக் குறிப்புகளைப் பாராயணம் செய்துகொண்டிருந்த அந்தத் தலைமுறைக்குக் கிடைத்த அரிய உதவிகள்.