திருடியவன் ஊருக்குள், பிடிபட்டவன் ஊருக்கு வெளியே

ஊரில் ஓர் ஆடு காணாமல் போகிறது. பக்கத்துத் தெருக்காரன்கூட எடுத்திருக்கலாம். ஆனால் போலீஸ் ஜீப் நேராகப் போய் நிற்பது ஊருக்கு வெளியே கூடாரம் போட்டிருப்பவர்களிடம்தான். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

1871-இல் வெள்ளை அரசு குற்றப் பழங்குடிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகள் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு சரியா என்று நீதிமன்றம்கூடக் கேட்க முடியாது. 1911-இல் இது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பத்து விரல் ரேகையையும் பதிவு செய்தார்கள். நம் மக்கள் வாயில் அது 'ரேகைச் சட்டம்' ஆனது.

மாட்டிக்கொண்டவர்களில் குறவர்களும் உண்டு. கடற்கரை உப்பை மாடுகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களில் தானியத்துக்கு மாற்றிப் பிழைத்தவர்கள் அவர்கள். ரயில் வந்தது, உப்பு அரசின் பிடிக்குள் போனது, பிழைப்பு போயிற்று. பிழைப்பைப் பறித்தவர்களே, "நிலையான தொழில் இல்லாமல் திரிகிறார்கள், இவர்கள் திருடர்கள்தான்" என்றார்கள்.

இதனால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள் தோழர்களே. குற்றவாளி யார் என்று முன்பே முடிவாகிவிட்டால் விசாரணை தேவையில்லை. போலீசுக்கு வழக்கு முடிந்தது. ஊருக்கு நிம்மதி. உண்மையில் திருடியவனுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு ஏது? அப்பாவி ஒருவர் உள்ளே போகும்போதெல்லாம் திருடன் ஒருவன் வெளியே இருக்கிறான்.

இந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் ரத்தானது, நாடு முழுக்க 1952-இல். ஆனால் 1948-லேயே இங்கே வழக்கமான குற்றவாளிகளுக்கான சட்டம் வந்துவிட்டது. பெயர்தான் மாறியது, பார்வை மாறவில்லை. 1993-இல் கடலூர்ப் பக்கம் நகைத் திருட்டு என்று சொல்லி அழைத்துப்போன ஒரு குறவர், காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். 'ஜெய் பீம்' படத்துக்கு அடிப்படை அந்த வழக்குதான். படத்தில் அவர் இருளர் ஆக்கப்பட்டார். குறவர்களின் வலி அங்கேயும் பெயரிழந்தது.

2024 அக்டோபர் 3 அன்று, சிறைகளில் நிலவும் சாதிப் பாகுபாடு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றப் பழங்குடிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சமூகத்தாரைத் தன்னிச்சையாகக் கைது செய்யக் கூடாது என்று காவல்துறைக்கு அதில் உத்தரவு இருக்கிறது. அதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஜீப் கூடாரத்துப் பக்கம் திரும்பும்போது, "சாட்சி எங்கே?" என்று கேட்க நாம் அங்கே இருக்க வேண்டும்.