நியூரம்பெர்க்கின் உப்புப் பரீட்சை

மருந்து உண்டபின் நோய் தீர்ந்தது என்பதைக் கண்டு, மருந்தினால்தான் நோய் தீர்ந்தது என்று முடிவு கட்டிவிடுவது மனித இயல்பு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேற்றுமையை ஐயத்துக்கு இடமின்றிப் பிரித்தறிய வழி காண்பதற்கு வைத்திய சாஸ்திரம் எடுத்துக்கொண்ட காலமோ பல நூற்றாண்டுகள். அந்த வழியைத் திறந்துவிட்ட முயற்சிகளுள் மிக நேர்த்தியான ஒன்று, புகழ்பெற்ற சர்வகலாசாலை எதிலும் அல்லாமல், பவேரிய ராஜ்யத்தைச் சேர்ந்த நியூரம்பெர்க் நகரத்தின் உணவு விடுதி ஒன்றில், 1835ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், சமையலுப்பைக் கொண்டு நடைபெற்றது. அதற்குக் காரணமாயிருந்தது ஹோமியோபதி வைத்தியத்தைப் பற்றி அந்த நகரத்தில் மூண்ட விவாதம்.

அக்காலத்து ஐரோப்பாவில் ஹோமியோபதி ஏன் அவ்வளவு விரைவாகப் பரவிற்று என்பதை உணராமல் இந்த விவாதத்தின் வெப்பத்தை உணர முடியாது. நோயாளியின் இரத்த நாளத்தைக் கீறி இரத்தத்தை வடிப்பதும், அட்டைகளை விட்டு உறிஞ்சச் செய்வதும், பாதரச மருந்துகளைப் பற்கள் ஆட்டங்காணும் வரையில் கொடுப்பதும், வாந்தியும் பேதியும் உண்டாக்கி உடலைச் சுத்தி செய்வதாகக் கருதுவதுமே அன்றைய கற்றறிந்த வைத்தியர்களின் சிகிச்சையாக இருந்தது. இந்தக் கொடுமைகளைக் கண்டு மனம் வெதும்பியவர்களுள் ஒருவர் சாமுவேல் ஹானிமன். 1755இல் மைசென் நகரில் பிறந்த அவர், 1790இல் ஸ்காட்லாந்து வைத்தியர் கல்லனின் நூலை மொழிபெயர்க்கையில் சிங்கோனாப் பட்டையைத் தாமே உண்டு பார்த்தார். நல்ல உடல்நிலையிலிருந்த தமக்குக் குளிர்சுரம் போன்ற குறிகள் தோன்றியதாகக் கண்டு, ஆரோக்கியமானவரிடம் எந்தக் குறிகளை ஒரு பொருள் உண்டாக்குகிறதோ அதே குறிகளையுடைய நோயை அப்பொருளே தீர்க்கும் என்னும் சித்தாந்தத்தை நிறுவினார். 1796இல் அதைப் பிரசுரித்தார். 1810இல் ‘ஆர்கனான்’ என்னும் நூலில் விரித்துரைத்தார். மருந்தை மேன்மேலும் நீர்க்கச் செய்து குலுக்கக் குலுக்க அதன் வீரியம் குறையாமல் வளர்கிறது என்பது அவர் பின்னர் வற்புறுத்திய கொள்கை. உணவில் நாள்தோறும் நாம் சேர்த்துக்கொள்ளும் உப்புக்கூட, அந்த விதமாகப் பக்குவப்படுத்தினால் ஆழ்ந்த வல்லமை வாய்ந்த மருந்தாகிவிடும் என்று அவர் போதித்தார்.

நியூரம்பெர்க் நகரத்து மேன்மக்களின் குடும்பங்கள் சில இந்த முறையை விரும்பி ஏற்றன. 1828இல் எங்கிருந்தோ அந்நகரத் தெருவில் வந்து நின்று ஐரோப்பாவையே வியக்க வைத்த காஸ்பர் ஹவுசர் என்னும் இளைஞனிடம்கூட அங்கிருந்த வைத்தியர் பிரோய் என்பவர் ஹோமியோபதி மருந்துகளைச் சோதித்துப் பார்த்திருந்தார். நகரத்தின் மருத்துவமனைகளுக்குத் தலைவராயிருந்த பிரீட்ரிக் வில்ஹெல்ம் ஃபான் ஹோவனுக்கு இது பொறுக்கவில்லை. கவி ஷில்லருக்கு இளமைத் தோழராயிருந்த அந்த முதியவர், 1834இல் புனைபெயரில் ஒரு நூலை வெளியிட்டு, ஹோமியோபதியால் குணமானதாகச் சொல்லப்படுவதெல்லாம் பத்தியத்தாலும், இயற்கையின் சக்தியாலும், நோயாளியின் நம்பிக்கையாலும் நேர்ந்தவையே என்று வாதித்தார். நகரத்து ஹோமியோபதி வைத்தியரான யோஹான் யாகோப் ராய்டர் அதற்கு மறுப்பெழுதினார். நம்பிக்கை என்பதையே அறியாத குழந்தைகளும் விலங்குகளும் குணமடைவது எங்ஙனம் என்று கேட்டதோடு அவர் நிற்கவில்லை. முப்பதாவது வீரியத்திலுள்ள உப்பை உட்கொண்டவர் அதன் விளைவை உணர்வார் என்பதற்குப் பத்துக்கு ஒன்று என்று பந்தயம் வைக்கவும் முன்வந்தார். தம் கொள்கையில் இவ்வளவு உறுதியுள்ள ஒருவர் அதைப் பகிரங்கமான சோதனைக்கு ஒப்புக்கொடுப்பது எக்காலத்திலும் அரிது. ராய்டருடைய அந்தத் தைரியத்தை நான் மதிக்கிறேன்; அது இல்லாதிருந்தால் பரீட்சையும் இல்லை.

‘சிவப்புச் சேவல்’ என்னும் விடுதியில் 1835 பிப்ரவரி மாதத்தில் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட நகரமக்கள் கூடினார்கள். தம்மைச் சத்தியத்தை நேசிக்கும் மனிதர்களின் சங்கம் என்று அழைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களுக்காகப் பின்னர் அறிக்கை எழுதியவர் ஜார்ஜ் லோனர் என்னும் பத்திரிகையாசிரியர். ஒரு குன்றிமணி அளவுகூட இராத உப்பை, பனியை உருக்கி வடித்தெடுத்த தூய நீரின் நூறு துளிகளில் கரைத்தார்கள். அக்கரைசலில் ஒரு துளியை எடுத்து மீண்டும் நூறு துளி நீரில் சேர்த்தார்கள். இவ்வாறே முப்பதாவது வீரியம் வரையில் கொண்டு சென்றார்கள். நூறு குப்பிகளுக்கு எண்ணிட்டு, அவற்றை ஒழுங்கின்றிக் கலைத்து, ஐம்பது ஐம்பதாகப் பிரித்து, ஒரு பாதியில் உப்பு மருந்தையும் மறு பாதியில் வெறும் பனிநீரையும் நிரப்பினார்கள். எந்த எண்ணுள்ள குப்பியில் எது இருக்கிறது என்னும் பட்டியல் முத்திரையிட்டு மூடி வைக்கப்பட்டது. குப்பியைக் கொடுத்தவருக்கும் அது என்னவென்று தெரியாது. வாங்கி அருந்தியவருக்கும் தெரியாது. யார் எந்த எண்ணைப் பெற்றார் என்பது மட்டும் ஏட்டில் பதிவாயிற்று.

இந்த ஏற்பாட்டின் ஒவ்வொரு கூறையும் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். எண்ணிட்டுக் கலைத்தமையால், வலியவருக்கு ஒன்றும் மெலியவருக்கு மற்றொன்றும் என்று எவரும் வேண்டுமென்றே பங்கிட்டிருக்க இயலாது. வெறும் நீரும் உடன் கொடுக்கப்பட்டமையால், மூன்று வாரங்களில் எவருக்கும் இயல்பாக வரக்கூடிய தலைவலியும் வயிற்றுக் கோளாறும் மருந்தின் கணக்கில் ஏறிவிடாமல், ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கிடைத்தது. கொடுப்பவருக்கே தெரியாதபடியால், அவருடைய முகக்குறிப்போ குரலோ அருந்துபவரின் மனத்தில் எதையும் விதைக்கவில்லை. இவ்வளவையும் ஒருங்கே இணைத்து இதற்குமுன் எவரேனும் ஒரு மருந்தைச் சோதித்ததாக நான் அறியேன். 1784இல் பாரிஸில் பிராங்க்ளின் முதலியோர் மெஸ்மரின் காந்த சிகிச்சையை விசாரித்தபோது நோயாளியின் கண்ணைக் கட்டினார்களேயன்றிச் சிகிச்சை செய்பவரின் கண்ணைக் கட்டவில்லை.

ஐம்பத்து நான்கு பேர் குப்பிகளைப் பெற்றார்கள். மூன்று வாரங்களுக்குப் பின் மறுபடியும் கூட்டம் கூடியபோது ஐம்பது பேரிடமிருந்து செய்தி கிடைத்திருந்தது. நாற்பத்திரண்டு பேர் தங்களுக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை என்றார்கள். எட்டுப் பேர் மட்டுமே ஏதோ உணர்ந்ததாகச் சொன்னார்கள். முத்திரை உடைத்துப் பட்டியலைப் படித்ததில், அந்த எட்டில் ஐவர் உப்பு மருந்தையும் மூவர் வெறும் பனிநீரையும் அருந்தியவர்கள் என்று தெரியவந்தது. பத்துக்கு ஒன்று என்ற பந்தயம் தோற்றது. எண்பதாவது பிராயத்தை எட்டிக்கொண்டிருந்த ஹானிமன் அப்பொழுது உயிரோடிருந்தார்; அவ்வாண்டிலேயே தம் புதிய மனைவியுடன் பாரிஸுக்குக் குடிபெயர்ந்து, 1843இல் அங்கே காலமாகும் வரையில் பெரும் செல்வாக்கோடு சிகிச்சை செய்து வந்தார்.

முப்பதாவது வீரியத்தில் உப்பு எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பதை இன்று பள்ளி மாணவரும் கணக்கிட்டுவிடலாம்: லோனரின் குழுவினர் எடுத்துக்கொண்ட அளவு உப்பில், பன்னிரண்டாவது படியை அடையும்போதே ஒரு துகள் எஞ்சியிருப்பதுகூட அரிது, மீதிப் பதினெட்டுப் படிகளில் நீர் நீரோடு கலக்கிறது. ஆனால் மூலக்கூறுகளின் பருமனை லோஷ்மிட் மதிப்பிட்டது 1865இல்தான். நியூரம்பெர்க் மக்களிடம் இந்தக் கணக்கு இருக்கவில்லை. அவர்கள் அதைத் தேடவும் இல்லை. இப்படி நடக்க முடியுமா என்று அனுமானத்தில் இறங்காமல், நடக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். அக்கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும்படி தங்கள் கண்களையே மறைத்துக்கொண்டார்கள்.

அவ்வாறு மறைத்துக்கொள்ளாதபோது எண்களும் எவ்வளவு தூரம் வழி தவறச் செய்யும் என்பதற்கு 1854இல் லண்டனில் பரவிய காலரா ஓர் உதாரணம். கோல்டன் சதுக்கத்திலிருந்த ஹோமியோபதி மருத்துவமனையில் காலரா கண்ட 61 பேரில் 10 பேரே இறந்தார்கள். மற்ற மருத்துவமனைகளிலோ பாதிப் பேர்வரை மாண்டார்கள். அரசாங்கத்தின் வைத்தியக் குழு இந்தக் கணக்கைத் தன் அறிக்கையில் சேர்க்காமல் விட்டது பெருந்தவறு. பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்த பிறகே அது வெளிவந்தது. எனினும், எத்தகைய நோயாளிகள் எங்கே சென்றார்கள் என்பது சமமாக்கப்படாத ஒப்பீடு அது. தவிரவும், நீர் வற்றி மடிந்துகொண்டிருந்தவனைப் பாதரசத்தாலும் பேதி மருந்தாலும் மேலும் வாட்டாமல் விட்டதே அவனைப் பிழைக்க வைத்திருக்கலாம். அந்த வகையில் ஹோமியோபதி அன்றைய மக்களுக்குச் செய்த நன்மை உண்மையானது என்றே நான் கருதுகிறேன். அந்த நன்மை குப்பியிலிருந்த மருந்தினால் வந்ததா என்பதுதான் கேள்வி.

நம் தேசத்தில் இந்தச் சரித்திரத்தோடு இணைந்த மகா புருஷர் மகேந்திரலால் சர்க்கார். கல்கத்தாவில் 1863இல் எம்.டி. பட்டம் பெற்று, ஹோமியோபதியைக் கண்டித்துப் பேசிவந்த அவர், அம்முறையைப் பற்றிய நூலொன்றுக்கு மதிப்புரை எழுதுமுன் நேரில் பார்த்தறிய வேண்டுமென்று கருதி, ராஜேந்திரலால் தத்தரின் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தார்; கவனித்ததன் பயனாக மனம் மாறி, 1867இல் வைத்தியர் சபையில் அதை வெளிப்படையாக அறிவித்து, சபையினரின் பகையையும் வருவாய் இழப்பையும் ஏற்றார். அவருடைய சத்தியப் பற்றில் எவரும் குறை காண இயலாது. 1876இல் அவர் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் கூடத்தில்தான், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1907 முதல் ஆராய்ந்து, 1928இல் தம் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறலைக் கண்டார். அத்தகைய சர்க்காருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் நீர் அருந்திய நோயாளிகள் மறுபுறத்தில் இருக்கவில்லை. நோய்கள் பல தாமே தணிகின்றன; தணிவதை நேர்மையான கண்களால் பார்த்தாலும், எதனால் தணிந்தது என்பது அந்தக் கண்களுக்குப் புலப்படுவதில்லை.

லோனரின் சிறு நூல் விரைவில் மறக்கப்பட்டது. க்ஷயரோகத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்த பிரிட்டிஷ் ஆராய்ச்சி 1948இல் வெளியான பின்னரே, நோயாளிகளைக் குலுக்கலாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் எங்கும் வேரூன்றிற்று. ஹோமியோபதி மருந்துகளும் அம்முறையில் பலமுறை சோதிக்கப்பட்டன. 110 சோதனைகளைத் திரட்டி ‘லான்செட்’ பத்திரிகையில் 2005இல் வெளிவந்த ஆய்வு, பெரியனவும் செம்மையாக நடத்தப்பட்டனவுமானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் ஹோமியோபதி மருந்தின் பயன் வெற்று மருந்தின் பயனையே ஒத்திருக்கிறது என்று கண்டது.

மருத்துவமனையை விட்டு ஆய்வுக்கூடத்துக்குச் சென்ற முயற்சி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பாரிஸை அடுத்த கிளமாரில் ழாக் பென்வெனிஸ்ட் என்னும் தேர்ந்த விஞ்ஞானி, ஒருவகை வெள்ளணுக்களைத் தூண்டும் எதிர்ப்பொருளை, அதில் ஒரு துகளும் எஞ்சாத அளவுக்கு நீர்க்கச் செய்த பின்னும் அது அணுக்களைத் தூண்டுவதாகக் கண்டு, 1988 ஜூனில் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டார். பத்திரிகையாசிரியர் ஜான் மாடக்ஸ், ஆராய்ச்சி முறைகேடுகளை ஆராய்ந்துவந்த வால்டர் ஸ்டூவர்ட், மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி ஆகிய மூவரும் அடுத்த மாதமே அங்கே சென்றார்கள். எந்தக் குழாயில் எது என்பது தெரிந்த நிலையில் நடந்த ஆரம்பச் சோதனைகளில் விளைவு தெரிந்தது. பின்னர்க் குறியீடுகளை உறையிலிட்டு ஒட்டி, அவ்வுறையை ஆய்வுக்கூடத்தின் உட்கூரையில் ஒட்டிவிட்டுச் செய்த மூன்று சோதனைகளில் விளைவு மறைந்தது. வந்த மூவரில் ஒருவரும் அந்தத் துறையில் பயின்றவரல்லர் என்று பென்வெனிஸ்ட் கடுமையாக ஆட்சேபித்தார். 2004இல் இறக்கும் வரையில் தம் முடிவை அவர் கைவிடவில்லை. அத்துறையில் பயின்ற லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் அவருடைய முறையையே இயன்றவரை பின்பற்றி, குழாய்களைக் குறியீட்டால் மறைத்துச் சோதனையைத் திரும்பச் செய்து, அத்தகைய விளைவு ஒன்றும் இல்லையென்று 1993இல் அதே ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினார்கள்.