பி-ஜே பேஸ் கிட்டார்

பி-ஜே பேஸ் கிட்டார் என்பது இருவேறு வகைப் பிக்கப்புகளை ஒருங்கே கொண்ட மின்சார பேஸ் கிட்டார் ஆகும். பிக்கப் என்பது காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் கொண்டது; கிட்டார்க் கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றுவது. பிரெசிசன் பேஸ், ஜாஸ் பேஸ் ஆகிய இரு கருவிகளின் ஒலித்தன்மையையும் ஒரே கருவியில் பெறுவது இவ்வமைப்பின் நோக்கம்.

வரலாறு

லியோ ஃபெண்டரின் அமெரிக்க நிறுவனம் 1951 இல் பிரெசிசன் பேஸை வெளியிட்டது. 1957 இல் அதன் பிக்கப் இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டது. 1960 இல், இரண்டு ஒற்றைச்சுருள் பிக்கப்புகள் கொண்ட ஜாஸ் பேஸ் வெளிவந்தது. பின்னர் முன்னதன் பிரிசுருள் பிக்கப்பையும் பின்னதன் பிக்கப்பையும் இணைத்துப் பல நிறுவனங்கள் கருவிகள் செய்தன. யமஹாவின் பிபி வரிசை, ஸ்குவையரின் அஃபினிட்டி வரிசை ஆகியவற்றில் இத்தகைய கருவிகள் உண்டு.

ஒலித்தன்மை

நடுவில் அமையும் பி பிக்கப் தடித்த, நிறைவான ஒலி தரும். கம்பிகளைத் தாங்கும் பாலத்தின் அருகே அதிர்வின் வீச்சு குறைவு. எனவே அங்கு அமையும் ஜே பிக்கப்பில் அடித்தொனி மெலிந்து, சுரங்கள் தெளிவாகப் பிரிந்து கேட்கும். இரண்டையும் கலந்தால் மூன்றாவது வகை ஒலி கிடைக்கும்.

தமிழ்த் திரையிசையில்

1976 இல் அன்னக்கிளி மூலம் அறிமுகமான இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனி மெட்டாகவே நடக்கும். அவரது குழுவில் சசிதரனும், ஏ. ஆர். ரகுமானின் இசைப்பதிவுகளில் கீத் பீட்டர்ஸும் இக்கருவியை வாசித்துப் பெயர் பெற்றவர்கள். மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர் இருவரது பாடல்களையும் ஒரே இரவில் வாசிக்க வேண்டியிருப்பதால், பலவகை ஒலி தரும் ஒரே கருவி அவருக்குப் பயன்படும்.

இரைச்சல்

இந்திய மின்வழங்கலின் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸ். அருகிலுள்ள மின்கருவிகளின் காந்தப்புலத்தால் பிக்கப்பில் உறுமல் ஒலி எழும். பி பிக்கப்பின் இரு பாதிகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டுள்ளதால் அதில் உறுமல் நீங்கிவிடும். ஜாஸ் பேஸில் இரு பிக்கப்புகளையும் சமமாகத் திறந்தால் உறுமல் நீங்கும். ஆனால் பி-ஜே கருவியில் ஜே பிக்கப் ஒற்றைச்சுருளாயின், கலந்து வாசித்தாலும் அதன் உறுமல் எஞ்சும்.

தேர்வு செய்தல்

* ஜே பிக்கப்பை மட்டும் திறந்து, கருவியைத் திசை திருப்பிக் கேட்க வேண்டும். உறுமல் கூடிக் குறைந்தால் அது ஒற்றைச்சுருள். மேடைக்கு உறுமல் நீக்கும் வகை ஏற்றது.
* ஜே பிக்கப்பின் ஒலி பெரும்பாலும் சற்றுத் தாழ்ந்திருக்கும். திருகாணியால் அதன் உயரத்தைக் கூட்டிச் சமன் செய்ய இயலுமா எனப் பார்க்க வேண்டும்.
* ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனி ஒலியளவுத் திருகு இருப்பின், கலவையை நுணுக்கமாக அமைக்கலாம்.
* மின்கலத்தால் இயங்கும் முன்பெருக்கி இருப்பின், மின்கலம் தீர்ந்தாலும் ஒலிக்க வழி உண்டா என அறிதல் வேண்டும்.
* கழுத்தின் அகலத்தைப் பிக்கப் மாற்றாது. ஜாஸ் பேஸில் அது தலைப்பக்கம் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். பிரெசிசன் பேஸில் பொதுவாக அதனினும் அகலம். கைக்கு இசைவானதை வாசித்துப் பார்த்தே தெரிவு செய்ய இயலும்.