பானைக்குள் மூன்று வாரம்

வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு வருகிற கூட்டம் அங்கேயே இருக்கும் இருளர் பாம்புப் பண்ணையையும் எட்டிப் பார்க்கும். எல்லோருக்கும் விஷம் எடுப்பதைப் பார்க்க வேண்டும். நான் கால்நடை வைத்தியம் பார்த்தவன். எனக்குப் பானைகளைப் பார்க்க வேண்டும். அடியில் மணல் போட்ட மண்பானை, வாயை மூடித் துணிக்கட்டு. அதற்குள்தான் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் குடியிருக்கின்றன.

இந்தப் பானைக்கு வேலை வந்ததே பிற்பாடுதான். அதற்கு முன் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்தார்கள். செத்த பாம்பைப் பராமரிக்க என்ன இருக்கிறது? 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றது, பிழைப்பும் போனது. பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தோலுக்குப் பதில் விஷம். பிடித்த பாம்பை ஏறக்குறைய மூன்று வாரம் வைத்திருந்து, இடைவெளி விட்டு விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விடுவார்கள். ஆக, பாம்பு உயிரோடு மட்டுமல்ல, திடமாகவும் இருந்தாக வேண்டும்.

இங்கேதான் ஈரம் குறுக்கே வருகிறது. இந்த விஷப் பாம்புகளுக்கு வேலை செய்வது வலப்பக்க நுரையீரல் ஒன்றுதான். உதரவிதானம் கிடையாது, நம்மைப் போல இருமிச் சளியைத் தள்ளவும் முடியாது. ஈரமும் அழுக்கும் சேர்ந்து காற்றும் அடைபட்டால் கிருமி பெருகும், சளி உள்ளேயே தேங்கும். பாம்பு தலையைத் தூக்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கும், மூச்சுத்துளையில் நுரை கட்டும். குளிரும் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். சரி, ஒரேயடியாகக் காய்ந்திருக்கட்டும் என்றால் சட்டை துண்டு துண்டாகக் கிழியும், கண்ணின் மேலுள்ள செதில் உரியாமல் ஒட்டிக்கொள்ளும்.

மண்பானை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும், உள்ளே வெயில் சூடு ஏறாது. துணி காற்றை விடும், மணல் நனைந்தால் மாற்றிக்கொள்ளலாம். மாமல்லபுரத்துக் கடற்கரைப் பக்கம் ஐப்பசி மழையில் பொட்டுக்கடலையே நமத்துப்போகும். அந்தக் காற்றில் கண்ணாடிப் பெட்டியை மூடி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிடாரன் கூடையிலும் காற்றோட்டத்துக்குக் குறை இருந்திருக்காது. ஆனால் அவன் பல்லைப் பிடுங்குவான். வாய் புண்ணாகிச் சீழ் பிடித்தால் அது நுரையீரலுக்கு இறங்க வெகுநாள் ஆகாது. கூடையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது நகரத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஏசி அறையில் காற்று காய்கிறதே என்று தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். பெட்டிக்கு மேலே காற்றுவழி இருக்காது, அடியில் விரிப்பு ஊறிக் கிடக்கும். ஈரமானி சரியான எண்ணைத்தான் காட்டும், பாம்பு சீறுவது போல மூச்சு விடும். நான் முதலில் விரிப்பை மாற்றச் சொல்வேன், அப்புறம் பெட்டியில் காற்று போகத் துளை போடச் சொல்வேன். மருந்து அதற்குப் பிறகு.