'டெக்ஸ்சர்ட் கிராப்': தேசியச் சேவைக்குப் பிறகு எப்போது வெட்டலாம்?

தேசியச் சேவை முடிந்தாச்சு. ஒட்ட வெட்டிய தலையை 'டெக்ஸ்சர்ட் கிராப்' ஆக்க எவ்வளவு நாள் காத்திருக்கணும்?

முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். உச்சியில் 3 சென்டிமீட்டராவது வேண்டும். எனவே ஏறக்குறைய 3 மாதம் ஆகலாம். சுருட்டை முடிக்கு இன்னும் கொஞ்சம் கூடும். அதுவரை பக்கவாட்டை மட்டும் திருத்துங்கள்.

கடையில் என்ன சொல்வது?
"பக்கத்தில நம்பர் 2, மேல நீளத்தை ரொம்பக் குறைக்காம, நுனியை மட்டும் ஏத்த இறக்கமா வெட்டுங்க." நம்பர் 2 என்றால் 6 மில்லிமீட்டர். முடி அடர்த்தி குறைவா? தின்னிங் கத்தரி வேண்டாமெனச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் எப்படி?
நம்மூர்ப் புழுக்கத்தில் எண்ணெய் பூசினால் முடி படிந்துவிடும். தலையைத் துவட்டி, பட்டாணி அளவு மேட் கிளேயை உள்ளங்கையில் தேய்த்து விரலால் கோதுங்கள். சீப்பு தேவையில்லை.